கம்பிவலைக் கூண்டில் வளரும் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து வேலை செய்யுமா?

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறார், பேட்சுக்கு 300 குஞ்சு. முதல் 20 நாள் மூன்றடுக்குக் கம்பிவலைக் கூண்டில் பல்பு போட்டு வளர்த்து, அப்புறம் உமி பரப்பிய தரைக்கு இறக்குகிறார். 28, 30ஆம் நாள் வாக்கில் எச்சத்தில் ரத்தம் வருகிறது. மூன்று பேட்சாக இதே கதை, ஒவ்வொரு தடவையும் 40, 50 குஞ்சு போய்விடுகிறது. "எஃப்1 போட்டேன், கம்போரோ போட்டேன், லசோட்டா போட்டேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. முதல் நாளே கொடுக்கிற குடல் ஒட்டுண்ணித் தடுப்பூசி இருக்கிறதாமே, வாங்கிப் போடட்டுமா? அம்மா மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து வைத்தால் போதும் என்கிறார்." இதுதான் கேள்வி.

தம்பி, மருந்து இருக்கிறது, நல்ல மருந்துதான். ஆனால் அந்த மூன்றடுக்குக் கூண்டை வைத்துக்கொண்டு அதை வாங்கினால் காசைத் தென்பெண்ணையில் போட்ட மாதிரிதான். ஏன் என்று சொல்வதற்குள் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாகூர்ப் பக்கம் சொந்தமாகக் கோழி வைத்திருப்பவன். இந்த மருந்தைக் கையால் தெளித்தும் இருக்கிறேன், அதில் ஏமாந்தும் இருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் கழிச்சல் என்றால் எல்லாமே ஒன்று என்று நினைக்கிறோம். எஃப்1, லசோட்டா இரண்டும் வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கெட்டுக்கு. அது வைரஸ். கம்போரோவும் வைரஸ். உங்கள் குஞ்சைக் கொல்வது வைரஸ் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, காக்சிடியா என்ற ஓரணு ஒட்டுண்ணி. அதனால் நீங்கள் போட்ட மூன்றும் இதைத் தொடவே தொடாது. அதற்காக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். கம்போரோ அடித்துப்போட்ட குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தியே படுத்துவிடும், அதன் மேல் ரத்தக்கழிச்சலும் வந்தால் சாவு இரட்டிப்பாகும். இன்னொன்று, குடல் ஒட்டுண்ணி என்றதும் நீள நீளமான உருண்டைப்புழுவை நினைத்துக்கொண்டு சிலர் கேட்பார்கள். அந்தப் புழுவுக்குக் கடையில் தடுப்பூசி கிடையாது. மாதக்கணக்குப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுப்பதுதான் வழி. நாம் பேசுவது காக்சிடியாவைப் பற்றி மட்டும்.

செத்த குஞ்சை நீங்கள் அறுத்துப் பார்த்தீர்களா? ஒரு தடவை பாருங்கள். வயிற்றைத் திறந்தால், குடல் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு முட்டுப்பைகள் வால் மாதிரிப் பிரிந்து கிடக்கும். அதுதான் குருட்டுக்குடல். நல்ல குஞ்சில் பழுப்பாக, மெல்லிசாக இருக்கும். நோய் கண்டதில் சுண்டுவிரல் பருமனுக்கு உப்பி, கருஞ்சிவப்பாக இருக்கும். கீறினால் உள்ளே ரத்தம் உறைந்துபோயிருக்கும். நாலைந்து நாள் தாக்குப்பிடித்துச் செத்ததாக இருந்தால் ரத்தத்துக்குப் பதில் வெண்ணெய்க்கட்டி மாதிரி ஒரு அடைப்பு வரும். இதைச் செய்வது ஐமீரியா டெனெல்லா என்ற காக்சிடியா இனம். ஆனால் இந்தக் குடும்பத்தில் அது ஒன்று மட்டும் இல்லை. கோழியைத் தாக்குபவை என்று வெகுகாலமாக ஏழு இனங்களைச் சொல்வார்கள். நெகாட்ரிக்ஸ் நடுக்குடலைப் பிடிக்கும். அதுவும் ரத்தம் காட்டும், ஆனால் கொஞ்சம் வயதான கோழியில். மாக்சிமாவில் ஆரஞ்சு நிறச் சளி வரும். அசெர்வுலினாவில் முன்குடல் ஓரமாக ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரியும், ரத்தமே இருக்காது. சாவும் அதிகம் இருக்காது, ஆனால் தீவனம் தின்றுகொண்டே இருக்கும், எடை ஏறாது. "என் கோழிக்கு ரத்தக்கழிச்சலே வந்ததில்லை" என்று பெருமையாகச் சொல்பவர் பண்ணையில் பாதி நேரம் இதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். நோயுற்ற கோழியின் எச்சத்தில் இதன் முட்டைகள் வெளியே வரும். முட்டை என்று வசதிக்குச் சொல்கிறேன், ஊசிஸ்ட் என்பதுதான் பெயர். கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டரில் 40, 50 முட்டையை வரிசையாக வைத்துவிடலாம். வெளியே விழுந்தவுடன் அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஈரம், காற்று, 25 முதல் 30 டிகிரி வெப்பம், இந்த மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பக்குவமாகும். அதன் பிறகுதான் விஷம். (கடலூர்க் கரையில் இந்த மூன்றும் என்றைக்குக் கிடைக்காமல் இருந்திருக்கிறது?) பக்குவமான முட்டையைக் குஞ்சு கொத்தினால், அரைவைப்பையில் ஓடு உடைந்து உள்ளிருந்து எட்டுக் கிருமிகள் வரும். அவை குடல் சுவரில் புகுந்து, பெருகி, செல்லை வெடித்துக்கொண்டு வெளியேறி, அடுத்த செல்லில் புகும். டெனெல்லாவில் இந்த இரண்டாம் சுற்றில்தான் ரத்தம் கொட்டும். கொத்திய நாளிலிருந்து அது ஐந்தாம், ஆறாம் நாள். ஆறு, ஏழு நாளில் புது முட்டைகள் எச்சத்தில் வர ஆரம்பிக்கும். ஒரே ஒரு முட்டையைத் தின்ற குஞ்சு ஆயிரம் ஆயிரமாகத் திருப்பித் தரும். கந்துவட்டிக்காரன்கூட இந்தக் கணக்குப் போட மாட்டான்.

இதைக் கொண்டு உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 நாள் குஞ்சு வலைமேல் நிற்கிறது. எச்சம் கண்ணி வழியாகக் கீழ்த் தட்டில் விழுந்துவிடுகிறது. குஞ்சு தன் எச்சத்தைக் கொத்தவே இல்லை, காக்சிடியா என்றால் என்னவென்றே அதன் குடலுக்குத் தெரியாது. 21ஆம் நாள், போன பேட்ச் கிடந்த அதே தரையில் இறக்குகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கிளறிக் கொத்துகின்றன. அதிலிருந்து ஏழாம் எட்டாம் நாள்தான் 28. மூன்று பேட்சிலும் தேதி மாறாமல் வருகிறது என்றால், அது குஞ்சின் ராசியும் இல்லை, பொரிப்பகத்தின் குற்றமும் இல்லை. தரையில் இறங்கிய நாளை வைத்துத் தேதி விழுகிறது.

உங்கள் பாட்டி காலத்தில் அடைக்கோழி பத்துக் குஞ்சோடு முந்திரித் தோப்பில் மேய்ந்துகொண்டிருந்தபோது இந்த நோய் ஏன் இப்படிக் கொத்துக்கொத்தாகக் கொல்லவில்லை? இத்தனைக்கும் அங்கேயும் காக்சிடியா இருந்தது. பத்துக் குஞ்சு, ஏக்கர் கணக்கில் இடம், முதல் நாளிலிருந்து தாய் கிளறிய மண். இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாக முட்டை உள்ளே போகும். குடலுக்குச் சின்னக் காயம், ஆறும், மறுபடி கொஞ்சம். மூன்று நான்கு வாரத்தில் குடல் தானே காவல் போட்டுவிடும். இந்த எதிர்ப்பு ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருளைவிடக் குடல் சுவரிலேயே உட்கார்ந்திருக்கும் செல்களால் வருவது. அதனால் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது, ஒவ்வொரு குஞ்சும் தானே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தடுப்பு மருந்தும் இதே வேலையைத்தான் அளந்து செய்கிறது. ஊசி என்கிறோமே தவிர ஊசியே கிடையாது. குப்பிக்குள் இருப்பது உயிருள்ள, பக்குவமான காக்சிடியா முட்டைகள், ஒரு டோசில் இனத்துக்குச் சில நூறு. நோயையே சின்ன அளவில் முதல் நாள் ஊட்டிவிடுகிறோம். 1952இல் அமெரிக்காவில் முதல் மருந்து விற்பனைக்கு வந்தது, அலபாமாவில் எட்கர் என்ற பேராசிரியரின் வேலையிலிருந்து. அதில் இருந்தது காட்டுத்தனமான சாதாரண காக்சிடியாதான். அளவு கொஞ்சம் தப்பினால் மருந்தே நோயாகிவிடும். 1975இல் ஜெஃபர்ஸ் என்பவர் ஒரு வழி கண்டார். எச்சத்தில் எல்லாவற்றுக்கும் முந்தி வரும் முட்டைகளை மட்டும் பொறுக்கி அடுத்த கோழிக்குக் கொடுத்து, அதிலும் முந்தி வருவதைப் பொறுக்கி, இப்படியே பல தலைமுறை ஓட்டினார். அவசரக்குடுக்கைகளாக ஒரு வம்சம் கிடைத்தது. அவை குடலுக்குள் ஒரு சுற்றுப் பெருக்கத்தைத் தாண்டிக் குதித்து முட்டையிட்டுவிடும். அதனால் சேதம் குறைவு, ஆனால் குடல் பாடம் படித்துக்கொள்ளும். இன்று கிடைக்கும் மருந்துகளில் இந்த வகையும் உண்டு, பழைய காட்டு வகையும் உண்டு. வாங்கும்போது எது என்று கேளுங்கள்.

எந்தெந்த இனம் இருக்கிறது என்றும் கேளுங்கள். டெனெல்லாவுக்கு எதிர்ப்பு வந்தால் மாக்சிமாவுக்கு வராது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கறிக்கோழி 40 நாளில் போய்விடும், அதற்கான மருந்தில் மூன்று நான்கு இனம் இருந்தால் போதும் என்று விடுவார்கள். சிறுவிடை மாதக்கணக்கில் நிற்கப்போவது, முட்டைக்கும் வைப்பீர்கள். நெகாட்ரிக்ஸ் இல்லாத மருந்தை வாங்கிவிட்டு மூன்றாம் மாதம் ரத்தம் பார்த்தால் மருந்தைக் குறை சொல்ல முடியாது. 2021இல் இந்த ஏழுக்கு மேல் இன்னும் மூன்று இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், இப்போதுள்ள மருந்துகளுக்கு அவை அடங்குவதில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். நம்மைக் கொல்வது பெரும்பாலும் பழைய டெனெல்லாதான்.

சரி, கொடுக்கும் முறை. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையவே கூடாது. மீன் வைக்கும் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அது மருந்தில்லை, சிவப்புத் தண்ணீர். சிறந்த இடம் பொரிப்பகம்தான். குஞ்சுப் பெட்டி மேல் சாயம் கலந்த மருந்தைப் பெரிய துளியாகத் தெளிப்போம். நல்ல வெளிச்சம் இருக்கும். அரை நிமிடம் குஞ்சுகள் திகைத்து நிற்கும். அப்புறம் ஒன்று பக்கத்துக் குஞ்சின் முதுகில் பளபளக்கும் சிவப்புத் துளியைக் கொத்தும். அதைப் பார்த்து இன்னொன்று. ஒரு நிமிடத்தில் பெட்டி முழுக்க ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருக்கும், சின்ன மழை ஓட்டில் விழுகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் சாயம் ஒட்டியிருக்கும். முதுகில் விழுந்தது தோல் வழியாகப் போவதில்லை, கொத்தி உள்ளே போனால்தான் கணக்கு.

வீட்டில் கொடுப்பதென்றால் முதல் தீவனத்தின் மேல் தெளித்துத் தாளில் பரப்பி வைப்பது குடிதண்ணீரில் கலப்பதைவிட நல்லது. இந்த முட்டைகள் தண்ணீரில் மிதக்காது, அடியில் படிந்துவிடும். கடைசியாகக் குடித்த குஞ்சுக்குப் பத்துப் பங்கு, முதலில் குடித்ததற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகும். ஒன்றும் கிடைக்காத குஞ்சுதான் ஆபத்து. ஒரு வாரம் கழித்து மற்ற குஞ்சுகள் போட்ட ஆயிரக்கணக்கான முட்டைகளை அது முதன்முதலாக ஒரே நாளில் விழுங்கும். அதேபோல, குப்பி 1,000 டோஸ், குஞ்சு 300, மிச்சம் வீணாகிறதே என்று எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். வைரஸ் மருந்தில் அப்படிச் செய்து தப்பித்திருக்கலாம், இதில் நீங்களே நோயைக் கொடுத்தவர் ஆவீர்கள். திறந்த குப்பியை அடுத்த பேட்சுக்கு வைப்பதும் வேண்டாம்.

இதோடு வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் முடிந்தது, அதுவும் சின்னப் பாதி. முதல் நாள் கொடுத்த சில நூறு முட்டை குடலுக்கு வெறும் அறிமுகம். ஐந்து முதல் ஏழாம் நாள் அந்தக் குஞ்சு எச்சத்தில் போடும் முட்டை, உமியில் பக்குவமாகி, அதே குஞ்சு மறுபடி கொத்த வேண்டும். பன்னிரண்டு, பதினான்காம் நாள் வாக்கில் அடுத்த சுற்று, மூன்றாம் வாரத்தில் இன்னொன்று. இரண்டு மூன்று சுற்று முடிந்து நான்காம் வாரம் வரும்போதுதான் முழு எதிர்ப்பு. அதாவது முதல் டோஸ் நாம் கொடுப்பது, மிச்ச டோஸ் எல்லாவற்றையும் உமிதான் கொடுக்கிறது. கம்பிவலையில் உமி எங்கே இருக்கிறது?

கூண்டை விட முடியாது, எலி, கீரி, பாம்புத் தொல்லை என்பீர்கள். புரிகிறது. வெளிநாட்டில் முட்டைக்கோழிக் குஞ்சைக் கூண்டில் வளர்ப்பவர்கள் தரையின் ஒரு பகுதியை மட்டும் அட்டையால் மூடி, எச்சம் அங்கே தங்கும்படி செய்து பார்த்திருக்கிறார்கள். எதிர்ப்பு வருகிறது. முட்டை அட்டையை வைத்து நாமும் முயலலாம், நாலு வாரம் அது நனையாமலும் நாறாமலும் பார்த்துக்கொள்ள முடிந்தால். நானாக இருந்தால் கூண்டை விற்றுவிட்டு, நாலு பக்கமும் அரையடிக்குச் சிமெண்டுக் கட்டு, மேலே கோழிவலை என்று தரையிலேயே புரூடர், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு, போட்டுவிடுவேன்.

உமியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மருந்து போட்ட பேட்சுக்கு உமி ரொம்ப ஈரமாகவும் இருக்கக்கூடாது, பொடிப்பொடியாகக் காய்ந்தும் இருக்கக்கூடாது. ஈரம் 20 முதல் 30 சதவீதம் என்பார்கள், அளக்க மீட்டர் வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கும் தீவனத் தட்டுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் கொழுக்கட்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். பிடிப்பே இல்லாமல் விரலிடுக்கில் உதிர்ந்தால் வறட்சி. லேசாகச் சேர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டு உதிர வேண்டும். கத்திரி வெயிலில் உமி வறண்டுபோய் முட்டை பக்குவமே ஆகாது, அப்போது ஏழாம் நாள் வாக்கில் பூவாளியால் லேசாகத் தெளிக்க வேண்டியிருக்கும். ரத்தக்கழிச்சலுக்குப் பயந்து உமியைக் காயப்போடும் ஊரில் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறானே என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாலு வாரம் வரை உமியை மாற்றாதீர்கள், தொட்டியடியில் அடைகட்டியதை மட்டும் எடுங்கள். புரூடர் வட்டத்தைப் பெரிதாக்கும்போது பழைய உமியில் இரண்டு கூடை எடுத்துப் புது இடத்தில் தூவுங்கள்.

நம் பக்கத்துக்கென்று சில விஷயம். நிலக்கடலைத் தோல் மலிவு, ஆனால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், குஞ்சின் நுரையீரலுக்கு ஆகாது. தென்னை நார்க்கழிவு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஐப்பசியில் அதன் பக்கமே போகாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று முந்திரிக் கொட்டைத் தோலைப் பரப்பிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள எண்ணெய் மனிதன் கையையே வேகவைத்துவிடும், குஞ்சின் பாதத்தைக் கேட்கவா வேண்டும்.

இப்போது நான் ஏமாந்த கதை. தனியாகத் தொழில் ஆரம்பித்த இரண்டாம் வருடம், 500 குஞ்சுக்கு மருந்து போட்டேன். துளி, வெளிச்சம், உமி எல்லாம் பாடப்படி. தீவனக் கடையில் "மருந்து கலக்காத ஸ்டார்ட்டர் தீவனம் கொடுங்கள்" என்று கேட்டேன், கொடுத்தார்கள். 37ஆம் நாள் காலை கொட்டகைக் கதவைத் திறந்தால் மூலையில் பதினோரு குஞ்சு சிறகு தொங்கிச் சுருண்டு கிடந்தது, உமியில் தக்காளி பிழிந்த மாதிரி ரத்தம். மூட்டையில் தைத்திருந்த சீட்டை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன்: சாலினோமைசின். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மருந்து என்றால் ஆன்டிபயாடிக், அது அதில் இல்லைதான். காக்சிடியாவை அடக்கும் மருந்து இருந்தது. நான் காசு கொடுத்து வாங்கிப் போட்ட முட்டைகளை நானே காசு கொடுத்து வாங்கிய தீவனம் முதல் வாரத்திலேயே கொன்றுவிட்டது. தீவனத்தை மாற்றி வீட்டில் அரைத்ததைக் கொடுக்க ஆரம்பித்த பத்தாம் நாள்தான் அந்த 37. அதனால் தடுப்பு மருந்து போட்ட பேட்சுக்கு நாலு வாரம் சாலினோமைசின், மதுராமைசின், மோனென்சின், நைகார்பசின், டைக்ளாசுரில், டாட் (டைனிட்டோல்மைட்), ரோபெனிடின் இவற்றில் எந்தப் பெயரும் சீட்டில் இருக்கக்கூடாது. சளிக்கு, கழிச்சலுக்கு என்று சல்ஃபா மருந்தைத் தண்ணீரில் கலப்பதும் அதே தப்புதான். சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன்: அதே கொட்டகையில் வான்கோழி வைத்திருப்பவர்கள் சாலினோமைசின் தீவனத்தை அதற்கு வைக்கவே கூடாது, செத்துப்போகும்.

தடுப்பு மருந்து போட்ட குஞ்சு பன்னிரண்டாம் நாள் வாக்கில் கொஞ்சம் சோம்பும், எச்சம் சளியாக வரும், எங்கேயாவது ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியலாம். அதுதான் பாடம் படிக்கும் நேரம், உடனே காக்சிடியாவைக் கொல்லும் மருந்தை ஊற்றிக் கெடுக்காதீர்கள். இரண்டு நாளில் தெளியும். தெளியாமல் சாவு விழுந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து மழை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது என் கொட்டகைச் சாரல் படுதா கிழிந்து, ஒரு பக்க உமி முழுக்கக் கூழாகிவிட்டது. அப்போது 18 நாள் குஞ்சு, மருந்து போட்டதுதான். இரண்டு சுற்று முடிந்திருந்ததால் பெரிய சேதமில்லை, ஆறு குஞ்சோடு போயிற்று. அதே வாரம் பக்கத்துக் கொட்டகையில் மருந்தும் போடாமல், தீவனத்திலும் ஒன்றும் இல்லாமல் இருந்த குஞ்சுகளில் பாதி போனது. இந்தக் கணக்கை வைத்து நான் மருந்துக்கு விளம்பரம் செய்யவில்லை, அவர் குஞ்சுக்கு வயது வேறு, இடநெருக்கடி வேறு. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் தரையில் குஞ்சு இறக்குபவர் ஏதாவது ஒரு பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது சூதாட்டம்.

அப்படியானால் 300 குஞ்சுக்கு நீங்கள் போட வேண்டுமா? என் அபிப்பிராயம் இது. நாலு மாதத்தில் கறிக்கு விற்கும் குஞ்சென்றால் வேண்டாம். குப்பியே உங்கள் பேட்சைவிடப் பெரிது, குளிர்ச்சி கெடாமல் கொண்டுவருவது தொல்லை. முதல் நாளிலிருந்து தரையில் வளருங்கள், காக்சிடியா மருந்து கலந்த ஸ்டார்ட்டரைக் கொடுங்கள். சாலினோமைசின் வகையில் கொஞ்சம் கிருமி தப்பிப் பிழைக்கும், அதுவே மெதுவாக எதிர்ப்பையும் வளர்க்கும். அந்தத் தீவனத்தை ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வாரம் கலந்து கலந்து குறைத்து விடுங்கள். தாய்க்கோழிக்கு, முட்டைக்கு, சேவலுக்கு என்று வருடக்கணக்கில் வைக்கப்போகும் குஞ்சென்றால் கட்டாயம் போடலாம். அதற்கும் நீங்கள் தனியாக வாங்குவதைவிட, குஞ்சு தரும் பொரிப்பகத்துக்காரரிடம் பேசுங்கள். வாரம் 2,000 குஞ்சு இறக்குபவருக்குக் குப்பி வீணாகாது, பெட்டியிலேயே தெளித்துக் கொடுத்துவிடுவார். இரண்டில் ஒன்று மட்டும். தடுப்பு மருந்தும் போட்டு, மருந்துத் தீவனமும் கொடுத்தால் நான் பட்ட பாடுதான்.

இப்போது தரையில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பேட்சுக்குத் தடுப்பு மருந்து எதற்கும் ஆகாது. வழக்கமாகக் கொடுப்பது ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி. ரத்தம் கடுமையாக இருந்தால் குடிதண்ணீர் லிட்டருக்கு 1.2 கிராம், மூன்று முதல் ஐந்து நாள், அப்புறம் லிட்டருக்கு 0.3 கிராம், ஒன்றிரண்டு வாரம். அல்லது டோல்ட்ராசுரில் 2.5 சதவீதம், லிட்டருக்கு 1 மில்லி, இரண்டு நாள் மட்டும், முட்டையிடும் கோழிக்கு வேண்டாம். எது என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் தெம்புக்கென்று பி காம்ப்ளெக்ஸ் கலக்கவே கலக்காதீர்கள். அந்த மருந்து பி1 வைட்டமின் வேஷம் போட்டுத்தான் கிருமியைப் பட்டினி போடுகிறது. நீங்கள் நிஜ பி1ஐ ஊற்றினால் கிருமிக்கு விருந்து. ரத்தம் நிற்க வைட்டமின் கே கொடுக்கலாம். அம்மாவின் மஞ்சளும் வெங்காயமும் கெடுதல் இல்லை, குஞ்சு தீவனம் எடுக்கும், கொடுக்கட்டும். ஆனால் ரத்தம் பார்த்த அன்று அதை நம்பி ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பத்துக் குஞ்சு போகும்.

தரையை ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவதாக எழுதியிருந்தீர்கள். மற்றக் கிருமிக்கு நல்லது, இந்த முட்டையின் ஓட்டை அவை அசைக்காது. பழைய உமியை முழுக்க அள்ளி வெளியேற்றி, சிமெண்டுத் தரையை நெருப்புத் துப்பாக்கியால் மெதுவாக, ஒவ்வொரு அடியாக வாட்டி, பத்து நாள் வெறுமனே காயப்போடுங்கள். மண்தரையென்றால் மேல் மண்ணை ஒரு சாண் வழித்தெடுங்கள். எவ்வளவு செய்தாலும் ஒன்றிரண்டு மிஞ்சும், அதை ஒழிக்கப் பார்க்க வேண்டாம். ஆடு, மாடு, வாத்து, புறா மேல் பழி போடவும் வேண்டாம், கோழியின் காக்சிடியா கோழிக்கு மட்டும்தான். மனிதனுக்கும் வராது. ஆனால் பழைய கொட்டகையில் மிதித்த செருப்போடு குஞ்சுக் கொட்டகைக்குள் போகாதீர்கள், அதுதான் வண்டி.

கடைசியாக ஒன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேட்சு செத்தும் ஒரு குஞ்சைக்கூட டாக்டரிடம் அறுத்துக் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. நான் இவ்வளவும் சொன்னது நீங்கள் சொன்ன தேதியையும் ரத்தத்தையும் வைத்துத்தான். அடுத்து ஒன்று செத்தால், செத்து மூன்று நாலு மணி நேரத்துக்குள், பாலித்தீன் பையில் போட்டு ஐஸ்கட்டி மேல் வைத்து, ஃப்ரீசரில் போடாமல், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். புதுச்சேரிப் பக்கம் வருவதாக இருந்தால் குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. கூடவே நாலு இடத்து எச்சத்தைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக் கொண்டு போங்கள், தீவன மூட்டைச் சீட்டையும் கிழித்துச் சட்டைப் பையில் வையுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.